நீலம் பூக்கும் உதடுகள்

ஓடி விளையாடும் சிறுவன் திடீரெனக் குந்தி அமர்கிறான். உதடும் நகமும் நீலம் பூத்துள்ளன. அவனைச் சோம்பேறி என்று நகைத்தல் தகாது. அவன் இதயத்தில் பிறவிக் குறை இருக்கக்கூடும்.

1888ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ விளக்கிய 'நாற்குறை' அத்தகையது. நான்கு குறைகளுள் இரண்டு முதன்மையானவை: இதயத்தின் கீழறைகளுக்கு இடையே துளை இருக்கும், நுரையீரலுக்குச் செல்லும் வழி குறுகியிருக்கும். ஆகவே உயிர்வளி குறைந்த இரத்தம் உடலெங்கும் பரவும். குந்தும்போது கால்களின் இரத்தக்குழாய்கள் அழுந்துவதால், நுரையீரலுக்குக் கூடுதல் இரத்தம் செல்லும். எவரும் கற்பிக்காமலே குழந்தை இதனை அறிந்துகொள்வது வியப்பே!

இக்குறை கிரகணத்தால் வருவதன்று, தாயின் பிழையுமன்று. அறுவை மருத்துவத்தால் சீர்செய்யலாம். குழந்தைகளின் இதய நோய்க்கெனவே 2021 அக்டோபரில், அன்றைய சித்தூர் மாவட்டத்துத் திருப்பதியில், தேவஸ்தானம் ஸ்ரீ பத்மாவதி குழந்தைகள் இதய மருத்துவமனையைத் தொடங்கியது.

வினா: அச்சிறுவன் குந்தி அமர்வது ஏன்?