எந்த விமர்சனத்தை நம்பி கேம் வாங்குவது?

சிந்தாதிரிப்பேட்டை ரிச்சி தெருவில் பழைய பிஎஸ்4 டிஸ்க் தேடுகிறவர்கள், 'சைபர்பங்க் 2077' மலிவாகக் கண்ணில் பட்டால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

2020 டிசம்பர் 10 அன்று அது வெளியாகும் முன்பு, விமர்சகர்கள் கைக்குக் கணினிப் பதிப்பு மட்டுமே போனது. பத்துக்கு ஒன்பது என்று மதிப்பெண்கள் வந்தன. அதை நம்பி பிஎஸ்4-க்கு வாங்கியவர்கள் கண்டதோ திணறித் திணறி ஓடி, பாதியில் நின்றுபோகும் கேம். ஒரே வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்து அதைத் தூக்கியது. 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. விமர்சகர்கள் பொய் எழுதவில்லை. அவர்கள் ஆடிய மெஷின் வேறு.

இப்போது இன்னொரு சிக்கல். 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்த பிறகு எழுதியவர்கள் அதே கேமைக் கொண்டாடுகிறார்கள். அந்த அப்டேட் பிஎஸ்5-க்கு உண்டு, பிஎஸ்4-க்குக் கிடையாது. எந்த மெஷினில், எப்போது ஆடி எழுதியது என்று பார்த்த பிறகே மதிப்பெண்ணுக்குப் போகலாம்.

நீண்ட நாள் ஆடும் ஆன்லைன் கேம் என்றால் விமர்சகரைவிட ஆடியவர்களே நல்ல சாட்சி. ஸ்டீமில் ஒவ்வொரு கருத்தோடும் அதை எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதும் இருக்கும். ஆனால் கூட்டத்தின் கோபத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். 2024 மே மாதம் 'ஹெல்டைவர்ஸ் 2'க்கு எதிர்மறைக் கருத்துகள் கொட்டின. காரணம், பிளேஸ்டேஷன் கணக்கு கட்டாயம் என்ற அறிவிப்பு. சில நாட்களிலேயே சோனி அதைக் கைவிட்டது.

கதை சொல்லும் சின்ன கேமுக்கு விமர்சகர் பக்கம் சாய்வதே சரி. டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா' இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தாய், அம்மாவின் அங்கங்கே அழிந்துபோன சமையல் குறிப்பை வைத்து இட்லியும் புட்டும் செய்யும் கதை. 2024-இல் பாஃப்டாவின் அறிமுக கேம் விருதையும் வென்றது. காசுக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்த்தால் இதைத் தவறவிடுவோம். தமிழ் வீடுகளில் அது பெரிய இழப்பு.

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் டவுன்லோட் தொடங்கிவிட்டாலே பொதுவாக அந்த வழி அடைபட்டுவிடும். டிஸ்க்கையாவது ஆடி முடித்து விற்கலாம். ஸ்டோரில் வாங்குகிறவர்கள்தான் ஒரு வாரம் பொறுத்து, தங்களிடம் உள்ள அதே மெஷினில் யாராவது ஆடிய வீடியோவைப் பார்த்துவிட்டுப் பணம் கட்ட வேண்டும்.