ஆரஞ்சுத் தோலும் ஆட்டுத் தோலும்

ஆம்பூர்க்காரர் மூக்குக்கு வாசனை பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பஜாரில் நின்றால் சீரகச் சம்பா பிரியாணியின் தம் உடையும் மணம். காற்று திரும்பினால் டேனரி. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி எங்கும் இதே கதைதான். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கிறிஸ்துமஸ் மரத்துக்கு வாசனைத் தொங்கல் செய்யப் போகிறாயா என்று என் மாமா சிரித்தார். நான் அவருக்குக் கிராஸ் கதையைச் சொன்னேன்.

பிரான்ஸின் தெற்கே இருக்கும் கிராஸ் ஒரு காலத்தில் தோல் ஊர். அங்கே கையுறை தைத்து விற்றவர்கள், தோலின் வாடையை மறைக்கப் பூ வாசனை ஏற்றத் தொடங்கினார்கள். 16ஆம் நூற்றாண்டில் வாசனைக் கையுறை மீது ஐரோப்பியப் பிரபுக்களுக்குப் பித்தே பிடித்தது. பிறகு தோல் தொழில் நசிந்துபோக, வாசனைத் தொழில் நிலைத்துவிட்டது. உலகின் வாசனைத் தலைநகர் என்று இன்று பேர் வாங்கியிருக்கும் அந்த ஊரின் கைத்திறன் 2018இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. கதையைக் கேட்ட மாமா மறுநாள் பட்டை இடிக்க வந்து உட்கார்ந்துவிட்டார். அவரையும் பிள்ளைகளையும் வைத்துச் செய்து, கெடுத்து, மறுபடி செய்து கற்றுக்கொண்டவை இவை.

செய்ய வேண்டியவை

அட்வென்ட் முதல் ஞாயிறே தொடங்கிவிடுங்கள். டிசம்பர் 25க்கு முன்னால் வரும் நான்காவது ஞாயிறு அது. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் அம்மாக்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் சொந்த நாள். வடகிழக்குப் பருவமழையும் முழுதாக விலகியிருக்காது. மூன்று நாளில் காயும் என்று நினைத்தது ஏழு நாள் இழுக்கும்.

மாவை சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசையுங்கள். மைதா ஒரு கப், பொடி உப்பு அரை கப், பட்டைத்தூள் அரை கப். தண்ணீர் முக்கால் கப் வரை பிடிக்கும், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும். ஒரு ஸ்பூன் கிராம்புத்தூள் சேர்த்தால் வாசம் ஆழமாகும். கால் அங்குல கனத்துக்குத் தேய்த்து, வட்டத்துக்கு டம்ளர் விளிம்பையும் பழைய வளையலையும் வைத்து அழுத்துங்கள். நட்சத்திரத்தை அட்டையில் வெட்டி வைத்துக் கத்தியால் கீறலாம். நூல் கோக்கும் ஓட்டையை ஈரமாக இருக்கும்போதே ஸ்ட்ராவால் போட்டுவிடுங்கள்; காய்ந்த பிறகு துளைத்தால் இரண்டாக உடையும். ஓவன் உள்ளவர்கள் 100 டிகிரி சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு வைக்கலாம். இல்லாதவர்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது. மாலையில் பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பட்டையைப் பார்த்து வாங்குங்கள். மளிகைக் கடையில் தடிமனாக, மரப்பட்டை போலவே கிடைப்பது பெரும்பாலும் கேசியா. மெல்லிய தாள்களைச் சுருட்டியது போல இருப்பது இலங்கைப் பட்டை, விலையும் அதிகம். தொங்கலுக்குத் தடித்ததே போதும். காரமான வாசம், சீக்கிரம் போகாது. ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் வாசனை என்று கொண்டாடுவதே நம் பக்கத்துக் கடல் வழியாகப் போன சரக்குதானே. ஆம்பூரில் கான்கார்டியா பள்ளியையும் பெதஸ்தா மருத்துவமனையையும் தொடங்கிய மிசௌரி லுத்தரன் மிஷன் ஜெர்மன் வேர் கொண்டது. கப்பலேறிப் போன வாசனை அவர்களோடு ஊர் திரும்பியது என்று சொல்லலாம். அதற்குள் நம் வீட்டில் அது பிரியாணிப் பானைக்குள் உட்கார்ந்திருந்தது.

கமலா ஆரஞ்சின் தோலைச் சேர்த்து வையுங்கள். ஆரஞ்சை வட்ட வட்டமாக நறுக்கிக் காயவைக்கச் சொல்வார்கள். குளிர்நாட்டுக் கணப்பு அடுப்புக்கு அது சரி, நம் ஈரக் காற்றில் மூன்றாம் நாள் பூஞ்சை. தோல் அப்படியல்ல. உரித்த கையோடு உள் வெள்ளையைச் சுரண்டி, சின்னச் சின்ன நட்சத்திரமாக வெட்டி, ஊசியில் கோத்துக் கட்டினால் இரண்டு வெயிலில் மொறுமொறுவென்று ஆகிவிடும். நடுநடுவே அன்னாசிப்பூ கோத்தால் மாலையாகும்.

கிராம்பு குத்திய ஆரஞ்சு ஒன்றாவது செய்யுங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பிடித்தது. முழுப் பழத்தில் கோணி ஊசியால் துளையிட்டு, துளைக்கு ஒரு கிராம்பு. நெருக்கமாகக் குத்தக் குத்தப் பழம் அழுகாமல் உள்ளுக்குள்ளேயே வற்றும். கிராம்பு எண்ணெய் பூஞ்சையைத் தடுக்கும். குத்தி முடித்ததும் பட்டைத்தூளும் வசம்புத்தூளும் கலந்த தட்டில் உருட்டுங்கள். வெள்ளைக்காரர்கள் இதற்கு ஐரிஸ் கிழங்குத்தூளைத் தேடுவார்கள். வாசனையைப் பிடித்து வைக்கும் அதே வேலையை நாட்டு மருந்துக் கடை வசம்பு செய்யும். இந்த உருண்டைக்கு ஆங்கிலத்தில் பொமாண்டர் என்று பெயர், பிரெஞ்சில் 'அம்பர் ஆப்பிள்' என்பதிலிருந்து வந்தது. அம்பர் என்றால் திமிங்கிலத்திடமிருந்து கிடைக்கும் வாசனைப் பொருள். ஆம்பூருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கிறது.

தோல் துண்டு சேர்ப்பதென்றால் ஆவாரம்பட்டையில் பதனிட்டதாகப் பாருங்கள். இந்த ஊரில் செய்துவிட்டுத் தோலே இல்லாமல் ஒரு மரமா? ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிடும் பழைய முறைத் தோலுக்கு ஈ.ஐ. லெதர் என்று பெயர். புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. வெட்டு வாயில் பார்த்தால் உள்ளும் புறமும் ஒரே பழுப்பாக இருக்கும். பட்டையின் மணம் தோலுக்குள்ளேயே கொஞ்சம் தங்கியிருக்கும். நட்சத்திரமாக வெட்டி, மழமழப்பான பக்கம் வேண்டாம், சொரசொரப்பான உட்பக்கத்தில் ஒரே ஒரு சொட்டு அத்தர் விடுங்கள். மசூதித் தெருவில் அத்தர் விற்பவரிடம் கேட்டால் வெட்டிவேர் அத்தர் எடுத்துத் தருவார். வாரக்கணக்கில் நிற்கும்.

துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி குப்பைதானே என்று பையில் போட்டுக்கொண்டு கேட்டில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கனமான தொங்கலைத் தண்டுக்குப் பக்கத்தில் கட்டுங்கள். நம் மரம் சவுக்குக் கிளைதானே. நுனி நூல் மாதிரி இருக்கும். உப்பு மாவு நட்சத்திரம் தொங்கினால் தலைகுனிந்துவிடும். நுனிக்கு ஆரஞ்சுத் தோலும் வெட்டிவேர்ச் சுருளும் போதும். மண் தொட்டியில் ஈர மணல் போட்டு நட்டால் கிளை நாலு நாள் கூடுதலாகப் பச்சையாக நிற்கும்.

செய்யக்கூடாதவை

வெட்டு வாயில் நீலச் சாம்பல் தெரியும் தோலை வீட்டு ஓவனில் வைக்காதீர்கள், வெயிலில் வாட்டாதீர்கள், கொளுத்தவே கொளுத்தாதீர்கள். அது குரோம் தோல். பதனிடும்போது சேர்வது மூன்று இணைதிறன் குரோமியம், பெரிய கெடுதல் இல்லாதது. சூடும் வறட்சியும் வெளிச்சமும் சேர்ந்தால் அதில் ஒரு பகுதி ஆறு இணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். அதுதான் உடம்பில் அரிப்பு உண்டாக்கும், புற்றுநோயோடும் தொடர்புள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல், உடம்பில் படும் தோல் பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இது இருக்கக்கூடாது என்று வைத்திருக்கிறது. ஏற்றுமதி செய்யும் நம் கம்பெனிகளுக்கு இந்த எண் மனப்பாடம். சாயம் ஏற்றிய துண்டு என்றால் உள்நிறம் கண்ணுக்கே தெரியாது. அப்போது என்ன செய்வது? விட்டுவிடுவதுதான். சந்தேகம் இருந்தால் முன்னெச்சரிக்கையே முதலில் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியதே டேனரிக் கழிவு கலந்த பாலாற்றுக்காக வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்குதான், 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊருக்கே வாங்கித் தந்த நீதியை வீட்டு அடுப்பங்கரையில் மறப்பானேன்?

பலகாரத் தட்டுக்கு அருகே தொங்கல்களைக் காயவைக்காதீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது இது. அதிரசம், முறுக்கு, குல்குல் வைத்த தட்டோரம் பட்டை நட்சத்திரமும் கிடந்தது. பக்கத்து வீட்டு பாய் ஒன்றை எடுத்துக் கடித்தார். ரம்ஜானுக்கு எங்களுக்குப் பிரியாணி அனுப்புகிறவர், மரியாதைக்காரர். மென்று விழுங்கிவிட்டு, "பிஸ்கட் நல்லா இருக்கு தம்பி, உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்" என்றார். நாய் வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உப்பு மாவை நாய் நிறையத் தின்றால் உயிருக்கே ஆபத்து.

தோசைக்கல்லில் சுட்டுக் காயவைக்கப் பார்க்காதீர்கள். மேலே கருகும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும்.

பட்டைத்தூளை ஃபேன் போட்டுக்கொண்டு சலிக்காதீர்கள். மூச்சில் ஏறினால் பெரியவர்களுக்கே இருமல் அடங்காது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குப் பிசைந்த மாவைக் கொடுங்கள், பொடியைக் கொடுக்காதீர்கள். பட்டை எண்ணெயை வெறும் கையால் தொட்டால் எரியும்.

வாசம் போதவில்லையென்று கற்பூரமோ நீலகிரித் தைலமோ சேர்க்காதீர்கள். தவழும் பிள்ளை கையில் கிடைத்ததை வாயில் போடும். இரண்டும் சின்ன உடம்புக்கு விஷம். ரூம் ஸ்ப்ரேயும் வேண்டாம், மெழுகுவர்த்தியும் சீரியல் செட்டும் இருக்கும் இடத்தில் அது நெருப்புக்கு அழைப்பு.

பிள்ளை செய்த கோணல் நட்சத்திரத்தைப் பின்பக்கமாகத் திருப்பிக் கட்டாதீர்கள். கம்பெனியில் டை வைத்து அடித்தது போல ஒரே அளவில் வர வேண்டும் என்றால் கடையிலேயே வாங்கிவிடலாமே. கேரல் ரவுண்ட்ஸ் வரும்போது கிறிஸ்துமஸ் தாத்தா கையில் கொடுத்து அனுப்ப அந்தக் கோணல்தான் தோது. பிள்ளைகள் அதை வருடம் முழுக்கப் பேசுவார்கள்.

மரத்தைக் கலைத்தபின் ரசகற்பூர உருண்டை போட்டுப் பெட்டியில் அடைக்காதீர்கள். அடுத்த வருடம் அந்த வாடைதான் மிஞ்சும். பிஸ்கட் டின்னில் செய்தித்தாள் விரித்து, ஒரு பிடி வெட்டிவேர் போட்டு மூடினால் போதும். வாசம் குறைந்த மாவு நட்சத்திரத்தின் பின்பக்கத்தை மறு வருடம் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள், பட்டை மறுபடி மணக்கும். கிராம்பு ஆரஞ்சு அதற்குள் எலுமிச்சை அளவுக்குச் சுருங்கி, கல் மாதிரி ஆகியிருக்கும். அதை எறியாமல் பீரோவில் புடவை அடுக்குக்குள் போட்டு வையுங்கள். எங்கள் அம்மா பீரோவில் மூன்று கிடக்கின்றன.