பிரெஞ்சு மொழியில் ஒரு கடிதம்

கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத் தமிழ் மாணவர்கள் பலர் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதப் பழகியவர்கள். அவர்களுள் சிலர் நான்காம் மொழியாகப் பிரெஞ்சையும் கற்கின்றனர். பிரெஞ்சு மொழித் திறனை அளக்க, ‘டெல்ஃப்’ எனும் தேர்வு உலகெங்கும் நடத்தப்படுகிறது. கோலாலம்பூரில் உள்ள அல்லியான்ஸ் பிரான்சேஸ் நிலையத்திலும் இதனை எழுதலாம். இதன் சான்றிதழைப் பிரெஞ்சுக் கல்வி அமைச்சு வழங்குகிறது. அது காலாவதி ஆவதில்லை.

இத்தேர்வின் ‘பி2’ நிலையில், எழுத்துப் பகுதிக்கு 1 மணி நேரம் வழங்கப்படும். 250 சொற்களுக்குக் குறையாமல் எழுத வேண்டும். மொத்தம் 25 புள்ளிகள். அதிகாரப்பூர்வக் கடிதம் இப்பகுதியில் கேட்கப்படும் வடிவங்களுள் ஒன்று. எடுத்துக்காட்டாக, வட்டார நூலகம் மூடப்படுவதை எதிர்த்து மேயருக்கு எழுதும்படி ஒரு வினா அமையலாம்.

நாம் எழுதும் அதிகாரப்பூர்வக் கடிதத்தில், அனுப்புநர், பெறுநர் முகவரிகள் இடப்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமையும். பிரெஞ்சுக் கடிதத்திலோ அனுப்புநர் முகவரி இடப்பக்கம் மேலேயும், பெறுநர் முகவரி வலப்பக்கம் சற்றுக் கீழேயும் இடம்பெறும். தேதிக்கு முன்னால் ஊரின் பெயரை எழுதுவதும் பிரெஞ்சு மரபு.

அடுத்தது விளிக்கும் முறை. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ‘யூ’ என்ற ஒரே சொல்தான். பிரெஞ்சில் நெருங்கியவருக்குத் ‘த்யூ’, மதிப்பிற்குரியவருக்கு ‘வூ’ என இரண்டு உண்டு. ‘நீ’, ‘நீங்கள்’ என்ற வேறுபாட்டை வீட்டிலேயே கற்ற தமிழ் மாணவருக்கு இது புதிதன்று. எனினும், ஆங்கிலத்தில் சிந்தித்து எழுதினால் இந்த வேறுபாடு நழுவிவிடும். மேயருக்கு எழுதும் கடிதத்தில் ‘த்யூ’ ஒருமுறை வந்தாலும், தலைமையாசிரியரை ‘நீ’ என்று அழைத்தது போலாகிவிடும்.

வேண்டுகோளிலும் பணிவு தேவை. ‘எனக்கு வேண்டும்’ என்று நேரடியாகக் கேட்பதை விட, ‘ழ வுத்ரே’, அதாவது ‘விரும்புகிறேன்’ எனத் தணிந்து கேட்பதே பொருத்தம். அதேவேளையில், பணிவு கருத்தை மறைத்துவிடக்கூடாது. தாம் யார், எதற்காக எழுதுகிறார் என்பதை மாணவர் முதல் பத்தியிலேயே கூற வேண்டும். ‘நூலகம் மிகவும் முக்கியமானது’ என்று மட்டும் எழுதினால் யார் மனமும் மாறாது. ‘அடுக்குமாடி வீடுகளில் படிக்க அமைதியான இடமில்லாத மாணவர்கள், பள்ளி முடிந்ததும் இங்குதான் வருகின்றனர்’ என்று எழுதினால் மேயர் சிந்திப்பார். மூடுவதற்குப் பதிலாக, திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்கலாம் என மாற்றுவழி ஒன்றையும் முன்வைத்தால் கடிதம் மேலும் வலுப்பெறும்.

முடிவில் ஒரு மரியாதைத் தொடர் வரும். தொடக்கத்தில் ‘மொசியே ல மேர்’ (மேயர் ஐயா) என்று விளித்திருந்தால், அத்தொடரிலும் அதே விளியைத் திரும்ப எழுத வேண்டும். இத்தகைய தொடர்களைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து உருவாக்க இயலாது. ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதைப் பிரெஞ்சில் அப்படியே எழுதினால் மேயர் குழம்பிவிடுவார். அதுபோலவே, அவர்களின் முடிவுத் தொடரும் தமிழில் செயற்கையாகவே ஒலிக்கும். ஆகவே, அவற்றை மரபாகவே கற்றுக்கொள்ள வேண்டும்.

தேர்வுக் கடிதத்தை எந்த மேயரும் பிரித்துப் படிக்கப்போவதில்லை. ஆயினும், படிக்கப்போகிறவர் ஒருவரை மனத்தில் நிறுத்தி எழுதும் மாணவரே, பிற்காலத்தில் உண்மையான தேவைக்கும் தயக்கமின்றிக் கடிதம் எழுதுவார்.