மீதியை மறக்காத லேத்



எங்கள் சங்கரன்கோவில் விசைத்தறிகளின் ஊர். தறி ஓடும் ஓசை எங்களுக்குக் கேட்பதே இல்லை, நின்றால்தான் கேட்கும். ஒரு நாள் அப்படி ஒரு தறி நின்றுவிட்டது. கால் அங்குலக் கனமுள்ள ஒரு திருகு முறிந்துவிட்டது. பழைய தறி என்பதால் அதில் அங்குலக் கணக்கு மரை. தலையின் வடிவமும் வேறு மாதிரி, கடையில் கிடைக்காது. தறி நின்றால் நெய்பவரின் கூலியும் நிற்கும். "சார், உங்க வீட்டில் ஒரு சின்ன லேத் இருக்காமே?" என்று கேட்டுக்கொண்டு தறிக்காரர் என் வாசலுக்கு வந்தார்.

இருந்தது உண்மைதான். மேசைமேல் வைக்கும் சிறிய லேத். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் மின்னணு முறையில் இயங்கும் லீட் ஸ்க்ரூ அமைப்பைப் பொருத்தியிருந்தேன். அது என்ன என்பதைக் காண்போம்.

முதலில் உங்கள் ஆய்வகத்துக்குப் போவோம். திருகு அளவியைக் கையாண்டிருப்பீர்கள். தலைக்கோலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் திருகு ஒரு புரியிடைத் தூரம் நகரும். லேத்தின் நீளவாக்கில் கிடக்கும் லீட் ஸ்க்ரூவும் இத்தகைய திருகுதான். அது சுழலும்போது வெட்டும் உளியைத் தாங்கிய கேரேஜ் பக்கவாட்டில் நகர்கிறது. மறுபுறம் சக்கில் பிடித்த கம்பி சுழல்கிறது. கம்பி ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தில் உளி 1 மி.மீ. நகர்ந்தால், கம்பியில் 1 மி.மீ. புரியிடைத் தூரமுள்ள மரை விழும். ஆகவே மரை வெட்டுவது என்பது இரண்டு சுழற்சிகளுக்கிடையே ஒரு விகிதத்தைக் காப்பாற்றுவதுதான்.

லீட் ஸ்க்ரூவையும் மாற்றத்தக்க பல்சக்கரங்களையும் கொண்டு இந்த விகிதத்தைக் காப்பாற்றும் லேத்தை, 1800-ஆம் ஆண்டையொட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே உருவாக்கினார். இன்றும் பல பட்டறைகளில் வேறு மரை வேண்டுமென்றால் கியரைக் கழற்றி வேறு கியரை மாட்டுகிறார்கள். கையெல்லாம் கிரீஸ், ஆனால் நம்பகமான முறை.

தறியின் திருகுக்கு வருவோம். அதில் ஓர் அங்குலத்துக்கு 20 மரைகள். (கேமராவைத் தாங்கியில் பொருத்தும் திருகும் பெரும்பாலும் இதே கணக்குத்தான்.) 1959-இல் பல நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஓர் அங்குலம் மிகச் சரியாக 25.4 மி.மீ. எனவே புரியிடைத் தூரம் 25.4 ÷ 20 = 1.27 மி.மீ. என் லீட் ஸ்க்ரூவின் புரியிடைத் தூரம் 2 மி.மீ. வேண்டிய விகிதம் 1.27 : 2, அதாவது 127 : 200.

இங்கே ஒரு வம்பு இருக்கிறது. 127 ஒரு பகா எண். அதைச் சிறிய எண்களாக உடைக்க முடியாது. மிகச் சரியான விகிதம் வேண்டுமானால் 127 பற்களுள்ள கியர் ஒன்று வேண்டும். சிறிய லேத்தில் அதற்கு இடம் கிடைப்பது அரிது. 47, 37 பற்களுள்ள கியர்களை வைத்து 1.2703 என்று ஒப்பேற்றுபவர்களும் உண்டு. அது கெட்டிக்காரத்தனமான சமாளிப்பு. பெரும்பாலான வேலைகளுக்குப் போதும்.

மின்னணு அமைப்பில் கியர்களே இல்லை. கம்பியைச் சுழற்றும் ஸ்பின்டிலோடு ஒரு என்கோடரைப் பல்பட்டையால் இணைக்கிறோம். சாதாரணப் பட்டை வழுக்கும். இங்கே வழுக்கல் கூடாது. என்கோடருக்குள் 1000 கோடுகள் கொண்ட வட்டத்தட்டு ஒன்று ஒளியை மறைத்து மறைத்து விடுகிறது. இரண்டு ஒளியுணரிகள் கால் கோட்டு இடைவெளி தள்ளி அமைந்திருப்பதால் ஒரு சுற்றுக்கு 4000 எண்ணிக்கை கிடைக்கும். எந்த உணரி முந்துகிறது என்பதைக் கொண்டு சுழலும் திசையும் தெரியும். மறுமுனையில் லீட் ஸ்க்ரூவை ஒரு ஸ்டெப்பர் மோட்டார் சுழற்றுகிறது. ஒரு மின்துடிப்புக்கு ஓர் அடி. என் அமைப்பில் 1600 துடிப்புக்கு ஒரு சுற்று. 2 மி.மீ. ÷ 1600 = 0.00125 மி.மீ. இதுதான் இந்தத் 'திருகு அளவி'யின் மீச்சிற்றளவு!

நடுவே ஒரு மைக்ரோகண்ட்ரோலர். 1.27 மி.மீ. நகர 1016 துடிப்புகள் வேண்டும். 4000 எண்ணிக்கைக்கு 1016 துடிப்பு. சுருக்கினால் 500-க்கு 127. பார்த்தீர்களா, 127 விடவில்லை! ஆனால் இப்போது அது இரும்புச் சக்கரமல்ல, வெறும் எண். ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் 127-ஐக் கூட்டிக்கொண்டே வரவேண்டும். கூடுதல் 500-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ ஒரு துடிப்பு அனுப்ப வேண்டும்.

நான் சறுக்கியது இங்கேதான். துடிப்பு அனுப்பியதும் கூடுதலைச் சுழியாக்கும்படி நிரல் எழுதியிருந்தேன். அன்று வெட்டிய முதல் திருகைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நட்டை மாட்டினால் சில சுற்று ஏறியது. பிறகு இறுகி நின்றுவிட்டது. தறிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் சுருங்கிப்போயிற்று.

கணக்கைப் பாருங்கள். நான்கு எண்ணிக்கையில் 4 × 127 = 508. துடிப்புக்கு 500 போக மீதி 8. அந்த எட்டை நான் எறிந்துவிட்டேன். அதனால் எப்போதும் நான்கு எண்ணிக்கைக்கு ஒரு துடிப்பு. சுற்றுக்கு 1016-க்குப் பதில் 1000. புரியிடைத் தூரம் 1.25 மி.மீ. ஆகிவிட்டது. ஒரு மரைக்கு 0.02 மி.மீ. பிழை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது ஒவ்வொரு மரையிலும் சேர்ந்துகொண்டே போகும். 25 மரையில் அரை மி.மீ.!

சரியான முறை, சுழியாக்காமல் 500-ஐக் கழிப்பதுதான். மீதி 8, 16, 24 என்று வளரும். பதினைந்து துடிப்புகளுக்குப் பின் மீதி 120. அப்போது மூன்றே எண்ணிக்கையில் 120 + 381 = 501; பதினாறாவது துடிப்பு ஓர் எண்ணிக்கை முன்னதாகவே போய்விடும். எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பிழை ஓர் அடியைத் தாண்டாது. நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். இரண்டாவது திருகில் நட் கடைசிவரை ஓடியது. மாலையில் தறியும் ஓடியது.

இன்னும் சில செய்திகள். மரையை ஒரே வெட்டில் வெட்ட முடியாது. உளி பலமுறை அதே பள்ளத்தில் போகவேண்டும். ஆகவே வேலை முடியும்வரை கேரேஜை லீட் ஸ்க்ரூவிலிருந்து விடுவிக்கக் கூடாது. உளியை வெளியே இழுத்துவிட்டு ஸ்பின்டிலைப் பின்னோக்கிச் சுழற்ற வேண்டும். நிரல் 127-ஐக் கழித்துக்கொண்டே திரும்பும். திருகு அளவியைத் திசை மாற்றும்போது சிறிது வெறுமனே சுற்றும் அல்லவா? அதே தளர்வு இங்கும் உண்டு. எனவே தொடங்கிய இடத்தைச் சற்றுத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பவேண்டும்.

ஸ்டெப்பர் மோட்டாருக்கும் ஒரு குறை உண்டு. வேகம் கூடினால் அதன் திருப்புவிசை குறையும். சுருளின் மின்தூண்டல், மின்னோட்டம் சட்டென ஏறுவதைத் தடுப்பதே இதற்கு முக்கியக் காரணம். மோட்டார் ஓர் அடியைத் தவறவிட்டால், சாதாரண அமைப்பில் மைக்ரோகண்ட்ரோலருக்கு அது தெரியவே தெரியாது. ஆகையால் மெதுவாகவே ஓட்டுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் எண்ணிக்கை போயிற்று. பள்ளத்தில் உளியை மறுபடி நிறுத்திப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இந்த இரண்டிலும் மாட்ஸ்லேயின் பல்சக்கரமே மேல் என்பேன். லேத் அருகே பெரியவர் ஒருவர் துணையின்றி நிற்காதீர்கள். தளர்ந்த சட்டைக் கையும் ஆகாது.

உங்களுக்கு ஒரு கணக்கு. அரை அங்குல விட்வொர்த் திருகில் ஓர் அங்குலத்துக்கு 12 மரைகள். என் லேத்தில் அதை வெட்ட, 127-ஐக் கூட்டிக்கொண்டே வந்து எந்த எண்ணைத் தொடும்போது துடிப்பு அனுப்ப வேண்டும்? 300 என்று வந்தால் உங்கள் கணக்கு சரி. முதல் பத்துத் துடிப்புகளுக்கான மீதிகளைத் தாளில் எழுதிப் பாருங்கள்.