41 பேரில் 40 பேர்!

மஞ்சள் காமாலை நமக்குத் தெரியும். அதை உண்டாக்கும் ஒரு கிருமி ஈரல் புற்றுநோயையும் உண்டாக்கும்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க தெரியுமா?

கிருமியின் பெயர் ஹெபடைடிஸ்-பி வைரஸ். இதன் அடையாளத்தை இரத்தத்தில் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானி பாரூக் பிளம்பெர்க் 1976-ல் நோபல் பரிசு பெற்றார்.

தைவானில் டாக்டர் பாமர் பீஸ்லி குழுவினர் 22,707 ஆண்களின் இரத்தத்தைச் சோதித்து, தொடர்ந்து கவனித்து வந்தனர். 3,454 பேர் உடம்பில் வைரஸ் இருந்தது. 1981-ல் முடிவு வெளிவந்தது. ஈரல் புற்றுநோய் வந்தவர்கள் 41 பேர். அதில் 40 பேர் வைரஸ் உள்ளவர்கள்! வைரஸ் இல்லாத 19,253 பேரில் ஒருத்தருக்குத்தான் வந்தது.

ஏன் இப்படி? வைரஸ் பல வருஷம் ஈரலில் தங்கினால், செல்கள் அழிவதும் புதுசா உண்டாவதும் நடந்துக்கிட்டே இருக்கும். வைரஸின் மரபுப்பொருள் ஈரல் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளும் நுழைஞ்சிடும். இதனால் பிழைகள் சேர்ந்து கட்டி உருவாகலாம். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றினால், பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தங்கிவிடும்.

அதனால் 1984-ல் தைவான் பச்சிளம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தது. பலன்? 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் ஈரல் புற்றுநோய் 1981-86-ல் இலட்சத்துக்கு 0.70 ஆக இருந்தது. 1990-94-ல் 0.36 ஆகக் குறைந்தது.

இது இரத்தம், சுத்தமில்லாத ஊசி, பிளேடு மூலம் பரவும். சேர்ந்து சாப்பிட்டாலோ கை குலுக்கினாலோ பரவாது. ஆகவே யாரையும் ஒதுக்காதீங்க!

உங்க வீட்டில் பாப்பா பிறந்தால், 24 மணி நேரத்துக்குள் இந்த ஊசி போட்டாச்சான்னு கேளுங்க!