ப்ராக்ஸி சர்வரில் போர்ட் தீர்ந்தால்: ஒரு முழுமையான வழிகாட்டி

பழவேற்காடு ஏரியில் இறால் படும் இடங்கள் கொஞ்சம், வலைக்காரர்கள் அதிகம். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் மீனவர்கள் 'பாடு' வைத்து, முறை போட்டுச் சுத்துவலை இடுகிறார்கள். ப்ராக்ஸியிலிருந்து வெளியே போகும் போர்ட்டுகளும் அப்படித்தான். ஒருவர் விட்டால்தான் அடுத்தவருக்கு.

அந்தக் குப்பங்களுக்கே ஒரு செயலி நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஐதராபாத்தின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை, காற்று முன்னறிவிப்பைக் காட்டும் செயலி. விடியுமுன் எல்லாரும் ஒரே நேரத்தில் திறப்பார்கள். அத்தனை கோரிக்கையும் உங்கள் ப்ராக்ஸி வழியே ஒரே பின்தள சர்வருக்குப் போகும். (முன்னறிவிப்பு எல்லாருக்கும் ஒன்றுதானே? கேஷில் வைத்தாலே பாரம் பெரிதும் குறையும். அதை முதலில் செய்யுங்கள்.)

படி 1: கணக்குப் போடுங்கள்

இரு பக்க ஐபி, இரு பக்க போர்ட் ஆகிய நான்கும் சேர்ந்ததே ஒரு டிசிபி இணைப்பின் அடையாளம். பின்தளம் ஒன்றே என்றால் மாறக்கூடியது உங்கள் பக்கத்து போர்ட் மட்டும். லினக்ஸ் வழக்கமாகத் தருவது 32768 முதல் 60999 வரை, அதாவது 28,232. ப்ராக்ஸி முதலில் மூடிய இணைப்பு 'டைம் வெயிட்' நிலையில் 60 விநாடி கிடக்கும். ஆக விநாடிக்குச் சுமார் 470 புது இணைப்புதான் தாங்கும். மிஞ்சினால் லாகில் 'கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்' என்று வரும். 'எஸ்எஸ்' கட்டளை எத்தனை இணைப்பு காத்துக் கிடக்கிறது என்று காட்டும்.

படி 2: இணைப்பை மூடாதீர்கள்

உண்மையான மருந்து இதுதான். பின்தளத்துக்கான இணைப்புகளைத் திறந்தே வைத்து, அடுத்தடுத்த கோரிக்கைகளை அவற்றிலேயே அனுப்புங்கள். என்ஜின்எக்ஸில் 'அப்ஸ்ட்ரீம்' பகுதியில் 'கீப்அலைவ்' வரி சேர்க்க வேண்டும். பழைய பதிப்புகளில் அது போதாது: ஹெச்டிடிபி 1.1 என்று குறிப்பிட்டு, 'கனெக்‌ஷன்' ஹெடரையும் காலியாக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சும்மா இருக்கும் இணைப்பைப் பின்தளம் மூடுமுன் ப்ராக்ஸி மூடும்படி நேரம் வையுங்கள். இல்லாவிட்டால் செத்த இணைப்பில் கோரிக்கை போய் 502 வரும்.

படி 3: போர்ட் வரம்பை விரியுங்கள்

1024 முதல் 65535 வரை விரித்தால் 64,512 கிடைக்கும். உங்கள் சேவைகள் காது கொடுக்கும் போர்ட்டுகளை ஒதுக்கி வையுங்கள்.

படி 4: மறுபயன்பாடு

லினக்ஸின் 'டிசிபி டிடபிள்யூ ரீயூஸ்' அமைப்பு வெளிச்செல்லும் இணைப்புகளுக்கு உதவும். பழைய குறிப்புகளில் வரும் 'ரீசைக்கிள்' பக்கம் போகாதீர்கள். ஒரே பொது ஐபிக்குப் பின்னால் பல கைப்பேசிகள் இருந்தால் அது இணைப்பையே கெடுக்கும். 2017-இல் லினக்ஸ் 4.12 அதை நீக்கிவிட்டது.

படி 5: கூடுதல் ஐபி

இன்னும் போதவில்லையா? இன்னொரு ஐபி சேர்த்தால் முழு வரம்பும் மறுபடி கிடைக்கும். ஒவ்வொரு இணைப்பும் ஒரு திறந்த கோப்பாகக் கணக்காவதால், கோப்பு வரம்பையும் உயர்த்துங்கள். ஒவ்வொரு பயனருக்கும் உள்ளே ஓர் இணைப்பு, வெளியே ஓர் இணைப்பு தேவை.

ஐபிக்குக் காசு கேட்கப் போகுமுன் படி 2-ஐ முடித்து, ஒரு விடியற்காலை நெரிசலில் 'எஸ்எஸ்' காட்டும் எண்ணைப் பாருங்கள்.