கற்பூரம் கரையும் கணக்கு

மாசி மகத்தன்று தீர்த்தவாரி நடைபெறும் வைத்திக்குப்பம் கடற்கரையில் கற்பூர மணம் கமழும். ஏற்றாத கற்பூரமும் காற்றில் கரையும்; இதுவே பதங்கமாதல். ஒரு வில்லை மணிக்கு 1 மில்லிகிராம் இழப்பதாகக் கொள்வோம். கற்பூரத்தின் மூலக்கூறு எடை 152. ஆகவே இழப்பு மணிக்கு 6.58 மைக்ரோமோல், அதாவது 6,580 நானோமோல். இதை 3,600ஆல் வகுத்தால் வினாடிக்கு 1.83 நானோமோல், பிக்கோமோலில் 1,830. நிமிடத்திற்கு வேண்டின் 60ஆல் பெருக்குக: 110 நானோமோல், அல்லது 0.11 மைக்ரோமோல்.

முன்னொட்டு ஆயிரத்தால் மாறும். காலமோ அறுபதால் மாறும். இரண்டையும் தனித்தனி அடியில் எழுதுவதே நன்றென்பேன். காலத்தை மறந்தால் விடை அறுபது மடங்கு பிழைபடும். 1.83 நானோமோல் அற்பமன்று. அதனுள் ஏறத்தாழ 1,100 இலட்சம் கோடி மூலக்கூறுகள் அடக்கம். மணம் நம் மூக்கை எட்டுவதில் வியப்பென்ன?